சுண்ணாம்புப் பெஞ்சு

நாரைக்கரையில் புத்திக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஊரில் ஆளுக்கொரு புத்தி இருந்தது. தொந்தரவே அதனால்தான். ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு புத்தியை வைத்துக்கொண்டு சமாளித்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது.

ஊருக்கு மேற்கே பெரிய குளம். கரையில் பூங்கா என்ற பெயரில் ஒரு பொட்டல். துருப்பிடித்த சறுக்குமரம் ஒன்று, புங்கமரம் ஒன்று, 'பூங்காவை அசுத்தம் செய்யாதீர்' என்ற பலகை ஒன்று. பலகையை நட்ட பிறகு ஊர்க்காரர்கள் அசுத்தம் செய்துவிடக் கூடாதே என்று உள்ளேயே போவதில்லை. ஆடுகள் போய்வந்தன. அவற்றுக்கு வாசிக்கத் தெரியாது.

மாவு மில் மாகாளிக்கும் அவர் சம்சாரம் சொர்ணத்தாய்க்கும் மட்டும் அந்தக் கரைமேல் ஒரு ஆசை. சாயங்காலம் மில்லைப் பூட்டியதும் இருவரும் நடந்துபோய், படித்துறைச் சுவரில் உட்கார்ந்து, இருட்டுகிற வரைக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேச்சு ஒன்றும் பெரிதாக இருக்காது. போன மழையில் அந்தச் சுவர் இடிந்து குளத்துக்குள் போனது. அதே மழையில் சொர்ணத்தாயின் முழங்கால் முட்டும் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

"நடந்து போயிருவேன். போன இடத்துல கொஞ்சம் உக்காந்தாத்தான திரும்பி வர முடியும்? தரையில உக்காந்தா எந்திரிக்க முடியல. ஒரு பெஞ்சு கிடந்தா போதும்" என்றாள் அவள்.

பெஞ்சுக்கு எங்கே போவது? அன்றிலிருந்து அவள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, எதிர்வீட்டு மாடியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள்ளும் தண்ணீர்தானே இருக்கிறது என்று மாகாளி ஆறுதல் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. சொர்ணத்தாய் வெளியூரில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். அதனால் நல்ல யோசனைகள் அவளுக்குச் சட்டென்று பிடிபடாது.

இப்படி இருக்கும்போதுதான் குளத்தங்கரைப் பூங்காவைப் புதிதாக அமைக்க அரசாங்கம் முன்வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஊர் மக்கள் கூடி, என்ன வேண்டும் என்று அவர்களே சொல்ல வேண்டும். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள நகரத்திலிருந்து இன்பரசி என்ற எஞ்சினியரம்மா வந்து இறங்கினார். நல்ல பெண். படித்தவர். முன்னே பின்னே நாரைக்கரைக்கு வந்ததில்லை.

மாகாளி அன்று மில்லுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, நெற்றியில் அப்பியிருந்த மாவைக்கூடத் துடைக்காமல் கல்யாண மண்டபத்துக்கு ஓடினார். "பெஞ்சு இல்லாம வீட்டுக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

எஞ்சினியரம்மா மண்டபத் தரையில் பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்றை விரித்திருந்தார். பூங்காவும் குளமும் மேலேயிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி அதில் அச்சாகியிருந்தன. "உங்களுக்கு எங்க என்ன வேணுமோ, படத்துல அந்த இடத்துல போய் நின்னு சொல்லுங்க" என்றார்.

ஊர் எழுந்து நின்றது. யாரும் அசையவில்லை. படத்தின் முக்கால்வாசி நீலமாக இருந்தது.

வார்டு மெம்பர் வைரவன் ஊருக்கு முன்மாதிரி. அவர்தான் முதலில் செருப்பைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, வேட்டியை முட்டுக்கு மேல் தூக்கிக் கட்டி, நீலத்தில் காலை வைத்தார். "வாங்க, ஆழம் இல்ல. வழுக்கும், பாத்து வாங்க" என்றார். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி பின்னால் போனார்கள். பணியாரக்கடை உலகம்மாள் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள்.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஆழ்வாரப்பன் மட்டும் வரவில்லை. "எனக்கு நீச்சல் தெரியாது. ஒரு படத்துக்காக உசிரை விட முடியாது" என்று சொல்லிவிட்டு, மண்டபத்தின் பின்வாசல் வழியாக வெளியே போய், சமையல்கட்டைச் சுற்றி, மறுகரைக்கு வந்து சேர்ந்தார். ஊரில் யோசனைக்காரர் என்று பெயர் எடுத்தவர் அவர்.

மாகாளிக்கு வேண்டிய இடம் புங்கமரத்துப் பக்கம். பெஞ்சு நினைப்பில் நட்டநடு நீலத்தில் இறங்கி ஒரே மூச்சில் கடந்தார். மரத்தடியில் நின்று, வேட்டியை உதறிவிட்டு, "இங்க ஒரு பெஞ்சு வேணும் தாயி. தண்ணியைப் பாத்த மாதிரி. முதுகு சாய்க்கிறதுக்கு ஒரு சாய்மானமும் வேணும்" என்றார். எஞ்சினியரம்மா அந்த இடத்தில் ஒரு சின்ன அட்டைப் பெஞ்சை ஒட்டினார். மாகாளி வீட்டுக்கு வந்து, "பெஞ்சு போட்டாச்சு" என்றார். "நனைஞ்சிருப்பீக, வேட்டியை மாத்துங்க" என்று சொர்ணத்தாய் சொல்லவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

மறுவாரம் எஞ்சினியரம்மா குளத்தங்கரைக்கே வந்தார். கபடி ஆட்டத்துக்குப் போடுவது போல, தரையில் சுண்ணாம்புத்தூளால் கோடு போட வைத்தார். இது மதில். இது வாசல் கேட். இது நடைபாதை, இது ஊஞ்சல், இது நிழல்மரம் வரப்போகும் இடம். புங்கமரத்துக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கட்டம். அதுதான் பெஞ்சு.

"கட்டி முடிச்ச பிறகு இடிக்க முடியாது பாருங்க. அதனால இதெல்லாம் நிஜமாவே இங்க இருக்குன்னு நினைச்சுக்கிட்டு ஒரு வாரம் பழகிப் பாருங்க. எது சரியில்லைன்னு அப்பத் தெரிஞ்சிரும்" என்றார்.

"நினைச்சுக்கிடுதோம்" என்று வைரவன் ஊர் சார்பில் வாக்குக் கொடுத்தார். நாரைக்கரைக்காரர்கள் வாக்குத் தவற மாட்டார்கள். அதுதான் அவர்களிடம் பயப்பட வேண்டிய குணம்.

மறுநாள் காலையே பூங்கா களைகட்டிவிட்டது. கேட்டைத் திறந்து மூடும் பொறுப்பை வைரவன் எடுத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது சுண்ணாம்புக் கோட்டைக் கவனமாகப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். உள்ளே உலகம்மாள் இருந்ததைப் பார்க்கவில்லை. அவள் கோட்டுக்கு உள்ளே நின்று கத்திய கத்தலில் ஊர் கூடிவிட்டது.

"அடுப்புல உளுந்தங்களி கிடக்கு! யாராவது மெம்பரைக் கூப்பிடுங்களேன்!"

"மதில்ல ஏறிக் குதிச்சு வந்திரலாம்லா" என்றார் ஒருவர்.

"ஆறடி மதிலுன்னு எஞ்சினியரம்மா சொன்னாவ. சேலையோட எப்பிடிக் குதிக்க?"

அந்த நேரத்தில் ஆட்டுக்கூட்டம் ஒன்று மதிலுக்குள்ளிருந்து வெளியேயும் வெளியேயிருந்து உள்ளேயும் தாராளமாகப் போய்வந்தது. "ஆடுகளுக்கு எஞ்சினியரம்மா எடுத்துச் சொல்லல" என்று ஆழ்வாரப்பன் விளக்கம் சொன்னார். வைரவன் வந்து பூட்டைத் திறப்பதற்குள் களி கரியாகிவிட்டது.

நிழல்மரத்தடிக்குப் போனவர்கள் உச்சிவெயிலில் வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்திலேயே புங்கமரம் குளுகுளுவென்று நின்றது. ஆனால் அது பழைய பூங்காவின் மரம்; பழகிப் பார்க்கச் சொன்னது புதுப் பூங்காவை. "மரம் பெரிசுதான், நிழல் போதல" என்று ஏகக்குரலில் சொன்னார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெஞ்சில்தான் கூட்டம். முதலில் ஒருவர் போய்ச் சுண்ணாம்புக் கட்டத்துக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆழ்வாரப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னவே, பெஞ்சுக்கு அடியில போயி உக்காந்திருக்கீரு?"

"அடியிலயா?"

"பெஞ்சு முட்டு உசரம். நீரு தரையில இருக்கீரு. அப்போ பெஞ்சு உம்ம தலைக்கு மேலல்லா இருக்கு. நாயிதான் பெஞ்சுக்கு அடியில படுக்கும்."

அந்த மனிதர் வெட்கப்பட்டு, தலை இடித்துவிடாமல் குனிந்து வெளியே வந்தார். அதன் பிறகு எல்லாரும் முறையாக உட்கார்ந்தார்கள். முட்டுகளை மடக்கி, புட்டத்தை முழங்கால் உயரத்தில் நிறுத்தி, கைகளைத் தொடைமேல் வைத்து, தண்ணீரைப் பார்த்தபடி வரிசையாக, அந்தரத்தில் உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் பெஞ்சு முழுவதும் நடுங்க ஆரம்பித்தது.

"எய்யா, தொடை தெறிக்கி" என்றார் ஒருவர்.

"சாய்மானத்துல சாஞ்சுக்கிடும்" என்றார் பக்கத்திலிருந்தவர். தொடை வலித்தவர் சாய்ந்தார். அவரைத் தூக்கிவிட நான்கு பேர் வேண்டியிருந்தது. "சாய்மானம் சரியில்ல" என்று வைரவன் மனதில் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் மாகாளி சொர்ணத்தாயைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு வெளியே வருகிறாள். தலையில் பூ வைத்திருந்தாள். புங்கமரத்துப் பக்கம் வந்ததும் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"பெஞ்சு எங்க?"

"இந்தா, இதான்" என்று மாகாளி பெருமையோடு கட்டத்தைக் காட்டினார்.

சொர்ணத்தாய் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். "உங்களைக் கட்டிக்கிட்ட பிறகு நான் எதுக்கும் ஆச்சரியப்படுறதில்ல" என்றாள். மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று தண்ணீரைப் பார்த்தாள். முட்டு இடம் கொடுக்கவில்லை. திரும்பும் வழியில் மாகாளியின் தோளில் அவள் கை கனமாக அழுத்தியது. அந்தக் கனம் அவருக்கு நெஞ்சில் இருந்தது. இரவுச் சோறு இறங்கவில்லை.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று அவருக்கு மறுநாள்தான் தோன்றியது. மாவு அரைக்க வருகிறவர்கள் உட்கார மில்லில் ஒரு மரப்பெஞ்சு கிடந்தது. அதைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்ச் சுண்ணாம்புக் கட்டத்தின் மேல் வைத்தார். கால் நான்கும் கோட்டுக்குள் கச்சிதமாகப் பொருந்தின. "ஏளா சொர்ணம், வா" என்று கூப்பிட வாயெடுப்பதற்குள் வைரவன் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, என்ன காரியம் பண்ணிட்டீரு? பெஞ்சு மேல பெஞ்சைத் தூக்கிப் போட்டிருக்கீரே! இது பொதுச் சொத்து. உடைஞ்சா யாரு பதில் சொல்லுதது?"

மாகாளியும் நாரைக்கரைக்காரர்தான். குனிந்து, கீழேயிருக்கும் பெஞ்சுக்குக் கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. மரப்பெஞ்சைத் தூக்கிக்கொண்டு மில்லுக்கே திரும்பினார்.

வாரம் முடிந்து எஞ்சினியரம்மா வந்தார். மண்டபத்தில் கூட்டம். ஊரில் பாதிப் பேர் நொண்டிக்கொண்டே வந்தார்கள். கேட் கண்டிப்பானது, ஊஞ்சல் ஆடுவதே இல்லை, நிழல்மரத்தில் நிழல் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்த வைரவன், பெஞ்சுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"பெஞ்சு வேண்டாம் தாயி. ஆபத்து. உக்காந்தவன் ஒருத்தனாவது நேரா நடக்கானா பாருங்க. முட்டு, தொடை, இடுப்பு எல்லாம் போச்சு."

எஞ்சினியரம்மாவுக்குப் புரியவில்லை. "எப்படி உட்கார்ந்தீங்க?" என்று கேட்டார். வைரவன் உட்கார்ந்து காட்டினார். எஞ்சினியரம்மா வெகுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது. ஊர் படும் பாட்டைப் பார்த்து அழுகிறார் என்று உலகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயா, நிஜப் பெஞ்சு கல்லுல வரும். அதுல வலிக்காது" என்றார் திரும்பி.

ஆழ்வாரப்பன் மெதுவாக எழுந்தார். "தாயி, ஒரு சந்தேகம். இந்த வாரம் நாங்க எதும்மேல உக்காந்தோம்?"

"எதுமேலயும் இல்லையே. காத்துல."

"காத்து மெத்துன்னு இருக்குமா, கல்லு மெத்துன்னு இருக்குமா?"

"காத்துதான்."

"அம்புட்டு மெத்துன்னு இருக்க காத்துல உக்காந்தே இந்தக் கதின்னா, கல்லுல உக்காந்தா எலும்பு மிஞ்சுமா?"

மாகாளியே தலையில் கை வைத்துக்கொண்டார். இந்தப் பெஞ்சிலா சொர்ணத்தை உட்கார வைக்கப் பார்த்தோம்! நியாயம் பூராவும் ஆழ்வாரப்பன் பக்கம் இருந்தது.

நாரைக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்க் காரியம் எதுவானாலும் எதிர்க்கிறவர்கள் கையைத் தூக்க வேண்டும். ஒரே ஒரு கை எழுந்தாலும் காரியம் நிற்கும். ஒரு கையும் எழாவிட்டால் ஏகமனது. "பெஞ்சு வேண்டாம்னு முடிவு. எதிர்ப்பு உண்டா?" என்று வைரவன் கேட்டார்.

மாகாளியின் கை மட்டும் மேலே போனது. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

"அண்ணாச்சி, மைனிக்கு ஏற்கெனவே முட்டுவலி. யோசிச்சுத்தான் தூக்குதீரா?"

"யோசிக்கல" என்றார் மாகாளி. "யோசிச்சா நீங்க சொல்லுததுதான் சரி. ஆனா அவ உக்காந்து தண்ணியப் பாத்து ஒரு வருசமாச்சுய்யா. நேத்து எதிர்வீட்டுக்காரன் தொட்டியைக் கழுவ மூடியத் திறந்தான். நாற்காலி மேல ஏறி எட்டிப் பாக்கப் போயிட்டா. எனக்கு ஒரே ஒரு பெஞ்சு போதும்."

நாரைக்கரைக்காரர்கள் மடையர்கள்தான், ஆனால் மனசு கெட்டவர்கள் இல்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு ஆனது. ஒரே ஒரு பெஞ்சு போட்டுப் பார்ப்பது. சொர்ணத்தாய் முதலில் உட்காருவாள். ஊர் பூராவும் கூட இருந்து பார்க்கும். அவளுக்கு வலித்தால் அன்றைக்கே பெயர்த்துவிடுவது.

கல்பெஞ்சு வந்தது. அழகான சாய்மானம், வழவழப்பான பலகைக்கல், தண்ணீருக்கு நேரே. மாகாளி முதல்நாளே போய் அதை நீர் விட்டுக் கழுவி, துண்டால் துடைத்து வைத்தார். மறுநாள் சாயங்காலம் சொர்ணத்தாயைக் கூட்டி வந்தார். ஊர் மொத்தமும் திரண்டிருந்தது. எஞ்சினியரம்மாவும் இருந்தார். சொர்ணத்தாய் சாய்மானத்தைப் பிடித்து, மெதுவாக, மெதுவாக உட்கார்ந்தாள். ஊர் மூச்சை அடக்கிக்கொண்டது.

"மைனி, வலிக்கா?"

"இல்லையே. சுகமா இருக்கு" என்றாள் சொர்ணத்தாய். மாகாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தண்ணி தெரியுதா?" என்று ஆசையோடு கேட்டார்.

"தெரியல."

"என்ன தெரியுது?"

"மெம்பர் வயிறு தெரியுது."

முகம் சுளிக்கிறாளா என்று பக்கத்தில் நின்று பார்ப்பதற்காக ஊர் அத்தனை பேரும் பெஞ்சுக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றிருந்தார்கள். "எல்லாரும் கொஞ்சம் பின்னால போங்கய்யா" என்று மாகாளி கையெடுத்துக் கும்பிட்டார். போனார்கள். அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பின்னோக்கியே நடந்து போனார்கள். கரை முடிந்தது. அவர்கள் நிற்கவில்லை. கணுக்கால், முட்டு, இடுப்பு என்று தண்ணீர் ஏறியது. "இன்னும் போங்க" என்றார் மாகாளி. மார்பளவில் போய் நின்றார்கள். உலகம்மாளின் பணியாரக்கூடை தலைமேல் இருந்தது. நீச்சல் தெரியாத ஆழ்வாரப்பனும் நின்றார். ஊர்க் காரியம் என்றால் அவருக்கு உயிர் பெரிதில்லை.

"இப்போ?"

"இப்போ கொஞ்சம் தெரியுது. நடுவுல எல்லாம் தலையா இருக்கு."

சொர்ணத்தாய் நல்ல மனசுக்காரி. தன்னைப் பார்க்க வந்தவர்கள் இப்படிக் கால்கடுக்க நிற்கிறார்களே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "பாவம், எம்புட்டு நேரந்தான் நிப்பீக! எல்லாரும் உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தார்கள்.

குளம் முழுவதும் தெரிந்தது. மேற்கே பொழுது சாய்ந்து தண்ணீர் தகதகவென்று மின்னியது. தூரத்தில் ஒரு நாரை எழுந்து பறந்தது. கரையோரம் மட்டும் கொஞ்சம் குமிழ்களும், ஒரு பணியாரக்கூடையும். சொர்ணத்தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த மாகாளிக்கு அழுகை வந்துவிட்டது. "இதுக்குத்தாம்ளா, இதுக்குத்தான்" என்றார்.

பிறகு தலைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரைப் பொத்துக்கொண்டு எழுந்தன. கடைசியாக எழுந்த ஆழ்வாரப்பன், வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, ஆச்சரியத்தோடு தொடையைத் தடவினார்.

"மெம்பரே, வலிச்சுதா?"

வைரவன் யோசித்தார். மறுபடி ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்தார். "வலிக்கல வே! கொஞ்சங்கூட வலிக்கல. பஞ்சு மாதிரி இருக்கு!"

ஊர் பூராவும் மூழ்கி எழுந்து பார்த்தது. ஒருவருக்கும் வலிக்கவில்லை.

"பெஞ்சுல குத்தம் இல்ல. போட்ட இடந்தான் தப்பு" என்று ஆழ்வாரப்பன் தீர்ப்புச் சொன்னார். "இதைத் தண்ணிக்குள்ள போட்டிருக்கணும்."

எஞ்சினியரம்மா குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். வைரவன் மார்பளவுத் தண்ணீரில் நிமிர்ந்து நின்று, கரையைப் பார்த்துக் கணீரென்று அறிவித்தார்.

"இந்தப் பெஞ்சைப் பெயர்த்துக் குளத்துக்குள்ள போடுததா ஊரு முடிவு பண்ணுது. எதிர்க்கிறவங்க கையைத் தூக்கலாம்."

சொர்ணத்தாய்க்குத் தூக்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அவள் இரண்டு கையாலும் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். மாகாளி பின்பக்கம் நின்று சாய்மானத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். விட்டால் கொண்டுபோய்விடுவார்களே.

வைரவன் கரையை நன்றாக ஒருமுறை பார்த்தார். ஒரு கையும் எழவில்லை.

"ஏகமனது" என்றார்.